வாசல் விளக்கைத் தேடி வருவன

இரவு உணவுக்குப்பின் வீட்டின் முன்புறத்தில் சற்று நேரம் காற்றாட அமர்ந்திருப்பது நம் நாட்டில் எந்த மாநிலத்தவர்க்கும் பொதுவான பழக்கம். நாம் திண்ணை என்பதை வங்காளத்தார் ரொவாக் என்பர்; கேரளத்தார்க்கு அது பூமுகம். இன்றைய வீடுகளில் அது போர்டிகோவாகவோ நான்கடி அகல வராந்தாவாகவோ சுருங்கியிருக்கலாம். ஆயினும் இரண்டு நாற்காலிகள் போட இடமிருந்தால் அங்கே பேச்சு உண்டு, வெற்றிலை உண்டு, பிள்ளைகளின் விளையாட்டும் உண்டு.

மழைக்காலம் தொடங்கியதும் இந்த இன்பத்துக்கு இடையூறு வந்துவிடுகிறது. விளக்கைப் போட்ட கால் மணி நேரத்துக்குள் அதனைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்கிறது. குவளையில் ஒன்று விழுகிறது; சட்டைக்குள் ஒன்று புகுகிறது; குழந்தை வீறிடுகிறது. நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். ஆண்டுக்கணக்கில் தவணை செலுத்தி நாம் கட்டிய போர்டிகோ, மாலை ஆறரை மணிக்குமேல் பூச்சிகளின் அனுபோகத்துக்குச் சென்றுவிடுகிறது.

இதற்கு மருந்து தேடிக் கடைக்குச் செல்லுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இரவில் நம் வாசலுக்கு வருகின்ற பூச்சிகள் இரு கூட்டத்தைச் சேர்ந்தவை. ஒரு கூட்டம் விளக்கை நாடி வருவது. விட்டில், வண்டு, ஈசல், தத்துப்பூச்சி ஆகியவை இதில் அடங்கும். மற்றொரு கூட்டம் நம்மையே நாடி வருவது, அது கொசு. முன்னதற்குச் செய்யும் பரிகாரம் பின்னதற்கு உதவாது. கொசுவத்தி கொளுத்துவதனால் ஈசல் நிற்பதில்லை. விளக்கை மாற்றுவதனால் மட்டும் கொசு போவதில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதனால்தான் பல வீடுகளில் பணம் செலவாகியும் தொல்லை தீராமலிருக்கிறது.

விளக்கைச் சுற்றுவது ஏன்?

விளக்கில் விழும் விட்டிலைப் பற்றி நம் முன்னோர் எவ்வளவோ பேசியிருக்கின்றனர். ஆசைக்கு அதனை உவமையாக்கினர், அறியாமைக்கும் உவமையாக்கினர். நிலவென்று எண்ணி மயங்கி விளக்கிடம் வருகிறது என்பது பின்னாளில் பரவிய விளக்கம். 2024 ஜனவரியில் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு வேறொரு காரணத்தைக் காட்டியது. அதனை நடத்திய குழுவில் யஷ் சோந்தி என்ற ஆய்வாளரும் ஒருவர். அதிவேகக் கேமராக்களைக் கொண்டு பூச்சிகளின் பறத்தலைப் படம் பிடித்த அவர்கள், பூச்சி விளக்கை நோக்கி நேராகப் பாய்வதில்லை என்று கண்டனர். அது தன் முதுகை ஒளியின் பக்கம் திருப்புகிறது, அவ்வளவே.

இரவில் பூமியைக் காட்டிலும் வானமே வெளிச்சமானது. ஆகவே வெளிச்சமிருக்கும் திசையே மேல் திசை என்பது பூச்சியினத்தின் உடலில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பதிந்துபோன கணக்கு. முதுகை ஒளிக்குக் காட்டிப் பறந்தால் தலைகீழாகாமல் பறக்கலாம். இந்தக் கணக்கை நம் வாசல் விளக்கு குலைத்துவிடுகிறது. பக்கவாட்டில் எரியும் விளக்குக்கு முதுகைத் திருப்பிய பூச்சி அதனைச் சுற்றிச் சுற்றியே வர நேர்கிறது. விளக்குக்கு மேலே பறந்து வந்த பூச்சியோ, ஒளி கீழிருந்து வருவதனால் மல்லாந்து தரையில் விழுகிறது. காலையில் நாம் பெருக்கித் தள்ளுபவை இவ்வாறு திசை தடுமாறிச் சோர்ந்து மாண்டவையே. ஆசையினால் வந்து அழிந்தவை என்று அவற்றைப் பழிப்பது நியாயமன்று.

இதிலிருந்து இல்லத்தார்க்குக் கிடைக்கும் பாடம் எளியது. மேல்நோக்கியும் எல்லாப் பக்கமும் ஒளி வீசுகின்ற விளக்கே அதிகத் தீங்கு செய்வது. நம் ஊர்களில் வெளிவாயில் தூண்களின் உச்சியில் வெள்ளை உருண்டை விளக்குகளைப் பதிப்பது பெருவழக்கு. பார்வைக்கு அவை அழகுதான். ஆனால் தெருவில் பறக்கும் பூச்சிகளுக்கெல்லாம் அழைப்பிதழ் அனுப்ப அவற்றைவிடச் சிறந்த சாதனம் கிடையாது. மேற்புறமும் பக்கங்களும் மூடப்பட்டு, ஒளி படிக்கட்டின்மீது மட்டும் விழுமாறு அமைந்த சுவர் விளக்கே ஏற்றது. அத்தகைய விளக்கில் கண் கூசுவதில்லை. படியும் பூட்டும் நன்றாகத் தெரியும். வாயிலில் நிற்பவர் முகமும் தெரியும். இருட்டடித்தால் திருடர் பயம் வந்துவிடுமே என்று அஞ்சுவோர் இதனைக் கருத வேண்டும்.

பல்பின் நிறமும் முக்கியமானது. பூச்சிகளின் கண்ணுக்குப் புற ஊதா, நீலம், பச்சை ஆகியவை நன்கு புலனாகும். சிவப்பு பெரும்பாலானவற்றுக்குப் புலனாவதில்லை. பழைய குழல்விளக்குகள் சிறிதளவு புற ஊதா ஒளியையும் உமிழ்ந்தன. எல்.இ.டி. விளக்கில் அது ஏறக்குறைய இல்லை. ஆனால் வெண்மை மிகுந்த எல்.இ.டி.யில் நீலத்தின் பங்கு கூடுதல். 2015 ஜனவரி 5 அன்று தொடங்கப்பட்ட உஜாலா திட்டத்தின் வழியாக 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் நாட்டில் விநியோகிக்கப்பட்டுள்ளன. மின்செலவு குறைந்தது பெரும் நன்மையே. ஆனால் பல்பு வாங்கும்போது வாட் எவ்வளவு என்று கேட்கும் நாம், அதன் நிறம் எது என்று கேட்பதில்லை. பெட்டியின்மேல் 6500 கெல்வின் என்றோ 2700 கெல்வின் என்றோ அச்சிட்டிருப்பார்கள். முன்னது நீலம் கலந்த வெள்ளை. கடைக்காரர் அதனைக் கூல் டேலைட் என்பார். பின்னது மஞ்சள் சாயல் கொண்டது. வார்ம் ஒயிட் என்று கேட்டு வாங்க வேண்டும். படிக்கும் அறைக்கு எதுவாயினும் ஆகுக. வாசலுக்கு 2700 அல்லது 3000 கெல்வின் போதும். பூச்சி அறவே வராது என்று சொல்வதற்கில்லை. வரவு கண்கூடாகக் குறையும்.

ஒளியின் அளவையும் குறைக்கலாம். வாசற்படிக்கு 9 வாட் பல்பு மிகை. அது இரவு 12 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 39 யூனிட் செலவாகும். 4 வாட் பல்புக்கு 17 யூனிட்டுக்குச் சற்று மேல். ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரிந்து அணையும் சென்சார் பொருத்திவிட்டால் இந்தச் செலவும் சொற்பமாகிவிடும். எரியாத விளக்கை எந்தப் பூச்சியும் நாடுவதில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

புதிதாக வீடு கட்டுவோர்க்கு இன்னொரு வசதி உண்டு. வயரிங் வேலை தொடங்குமுன்பே எலக்ட்ரீசியனிடம் சொல்லி, கதவுக்கு நேர்மேலே விளக்குப் புள்ளி வைக்காமல் பத்தடி தள்ளி, சுற்றுச்சுவர்ப் பக்கமாக வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து வரும் ஒளி படியைக் காட்டும். பூச்சிகள் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். கதவைத் திறக்கும்போது கூட்டமாக உள்ளே நுழையா. கதவுக்கு அருகிலும் ஒரு விளக்கு வேண்டுமெனில் அதற்குத் தனி ஸ்விட்ச் இருக்கட்டும். சிறு தொகை மிச்சமாகிறதென்று எல்லா விளக்குகளையும் ஒரே ஸ்விட்ச்சில் இணைத்துவிடுவது பிற்பாடு வருத்தம் தரும்.

பருவத்துக்கு ஒரு விருந்தாளி

கொல்கத்தாவில் வாழும் நம் வாடிக்கையாளர்கள் 'ஷியாமா போகா'வை அறிந்திருப்பர். காளி பூசை நெருங்கும் நாட்களில் விளக்குதோறும் மொய்க்கின்ற சின்னஞ்சிறு பச்சைப் பூச்சிகளுக்கு அங்கே அந்தப் பெயர். ஷியாமா என்பது காளியின் பெயர். அவள் பூசைக் காலத்தில் வருவதனால் பூச்சிக்கும் அப்பெயர் அமைந்தது. உண்மையில் அது நெல்வயலில் வாழ்கின்ற பச்சைத் தத்துப்பூச்சி. நெற்பயிர்க்கு துங்ரோ என்னும் நச்சுயிரி நோயைக் கொண்டு செல்வதும் இதுவே. கடிக்காது, கொட்டாது. உணவுத் தட்டில் விழுந்து உயிரை வாங்கும், அவ்வளவுதான். சில வாரங்களில் தானே மறைந்துவிடும் இதற்கு மருந்தடிப்பது வீண்வேலை. மாலை ஆறு முதல் எட்டு வரை வாசல் விளக்கை அணைத்து, உள்விளக்கின் ஒளி வெளியே கசியாதவாறு திரைச்சீலையை இழுத்துவிட்டால் போதும்.

அஞ்ச வேண்டிய விருந்தாளி வேறொன்று. எறும்பைப் போல் நீண்டு, ஒரு சென்டிமீட்டர்க்கும் குறைந்த நீளத்தில், உடலில் ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி அமைந்த ஒரு வண்டு மழைக்காலத்தில் விளக்கருகே வரும். பெடரஸ் என்பது அதன் இனப்பெயர். ஆசிட் பூச்சி என்றும் நைரோபி ஈ என்றும் செய்தித்தாள்கள் எழுதின. அது ஈ அன்று, வண்டே. 2022 ஜூலையில் சிக்கிம் மாநிலத்தின் ஒரு கல்லூரி வளாகத்தில் ஏராளமான மாணவர்கள் இதனால் தோல் புண்ணுக்கு ஆளாயினர். இவ்வண்டு கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. கழுத்திலோ கையிலோ ஊரும்போது நாம் பழக்கதோஷத்தால் அடித்து நசுக்குகிறோம். அப்போது அதன் உடலிலுள்ள பெடரின் என்னும் நச்சு தோலில் படிகிறது. உடனே ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தீப்பட்டது போலச் சிவந்து கொப்புளம் எழும். அந்தக் கையால் கண்ணைத் தேய்த்துவிட்டால் கண்ணும் வீங்கும்.

ஆகவே குழந்தைகளுக்கு நாம் கற்பிக்க வேண்டியது ஒன்றே: மேலே ஊரும் பூச்சியை அடிக்காதே, ஊதித் தள்ளு, அல்லது ஒரு காகிதத்தில் ஏறவிட்டு அப்புறப்படுத்து. தவறி நசுங்கிவிட்டால் அந்த இடத்தை உடனே சோப்பு போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். கொப்புளம் வந்துவிட்டாலோ, கண்ணில் பட்டுவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுவதே முறை. விளக்குக்கு நேர்கீழே கட்டிலிட்டு உறங்குவதும், துணியை அங்கே உலர்த்துவதும் இப்பருவத்தில் தவிர்க்கத்தக்கவை. வயலில் இதே வண்டு புகையான் பூச்சிகளைத் தின்று உழவர்க்கு உதவுகிறது என்பது வேறு செய்தி.

ஈசலைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. முதல் மழை பெய்த மாலையில் வரும். ஒரு மணி நேரம் விளக்கை அணைத்துவிட்டால் போய்விடும். அகன்ற பாத்திரத்தில் நீர் வைத்து அதன்மேல் ஒரு விளக்கைத் தொங்கவிடும் பாட்டிமார் வழக்கமும் நன்றே. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஈசல் என்பது இறகு முளைத்த கறையானே. வெளியிலிருந்து வந்தால் கவலையில்லை. வீட்டுக்குள்ளேயே சுவர் விரிசலிலிருந்தோ கதவு நிலையின் அடியிலிருந்தோ புறப்பட்டு, உதிர்ந்த இறகுகள் அங்கே குவிந்து கிடந்தால், கட்டடத்தின் அருகிலேயே புற்று இருக்கிறது என்று பொருள். நிலைக்கதவும் அலமாரியும் அரிபடுமுன் கறையான் தடுப்பு வல்லுநரை அழைத்துவிட வேண்டும். கட்டுமான நிலையிலேயே அடித்தள மண்ணுக்குக் கறையான் மருந்திடும் முறையை இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6313 விவரிக்கிறது. ஒப்பந்தக்காரர் தரும் மதிப்பீட்டில் அந்தச் செலவு இடம்பெற்றிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது விவேகம்.

விளக்கருகே பூச்சி சேர்ந்தால் அதனை உண்ணப் பல்லி சேரும். தரையில் விழுந்தவற்றை உண்ணத் தேரை வரும். தேரையைத் தேடிப் பாம்பும் வரக்கூடும். தோட்டமும் வயலும் சூழ்ந்த வீடுகளில் வாசல் விளக்கின் செய்தி இவ்வளவு தூரம் நீள்கிறது. அத்தகைய வீடுகளில் கதவின் அடியில் உள்ள இடைவெளியை ரப்பர் பட்டையால் அடைப்பது, பூச்சிக்காக மட்டும் செய்கின்ற வேலையன்று.

நம்மை நாடி வருவன

1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில், அல்மோராவில் பிறந்த ஆங்கிலேய இராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸ், ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1902-இல் அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாளாக இன்றும் நினைவுகூரப்படுகிறது. மலேரியா பெருமளவு குறைந்துவிட்ட இக்காலத்தில் டெங்கு அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. 2023-இல் நம் நாட்டில் பதிவான டெங்கு நோயாளிகளின் எண்ணிக்கை 2.8 லட்சத்துக்கும் மேல்.

கொசுவை நம்மிடம் ஈர்ப்பவை நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவும், உடலின் வெப்பமும், வியர்வையின் மணமுமே. நீல விளக்கெரியும் மின்பொறியைக் கூரையில் தொங்கவிட்டுக் கொசு ஒழிந்தது என்று நிம்மதியடைவோர் பலர். 'சட்' என்று பூச்சி பொசுங்கும் ஓசை காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. பொசுங்குவது எது என்று அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்து 1996-இல் வெளியிட்டனர். வீட்டுத் தோட்டங்களில் அக்கருவிகள் கொன்ற 13,789 பூச்சிகளில் மனிதரைக் கடிப்பவை 31 மட்டுமே. மற்றவை தீங்கற்றவை, பலவும் பிற பூச்சிகளைத் தின்று நமக்கு நன்மை செய்பவை. அதுவன்றி, அந்த நீல ஒளி தோட்டத்துப் பூச்சிகளையெல்லாம் வாசலுக்கு வரவழைக்கிறது. திறந்த வெளிக்கு அக்கருவியை வாங்க வேண்டாம் என்பதே நம் கருத்து.

கொசுவத்திச் சுருளைப் பற்றியும் ஒரு சொல். ஒரு சுருள் முழுதும் எரியும்போது வெளிப்படும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு இணை என்று 2003-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. திறந்த வாசலில் அது ஓரளவு கலைந்துவிடும். கதவைச் சாத்திய அறையில் கலையாது. வேப்பிலைப் புகையும் புகையே. மூச்சுத்திணறல் உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இரண்டையும் தவிர்ப்பது நலம். மணமுள்ள செடிகளைத் தொட்டியில் வைத்தால் கொசு அண்டாது என்று நர்சரிகளில் சொல்லி விற்கின்றனர். அவற்றின் எண்ணெய்க்கு ஓரளவு ஆற்றலுண்டு. செடி சும்மா நிற்பதனால் பயனில்லை.

நாம் பரிந்துரைப்பது மின்விசிறியை. கொசு மிக மெல்லப் பறப்பது. அதன் வேகம் மணிக்கு 2 கிலோமீட்டர் அளவே. சாதாரண மின்விசிறியின் காற்றை எதிர்த்து அதனால் முன்னேற இயலாது. மேலும் நம் மூச்சும் மணமும் கலைந்துவிடுவதனால் நாம் இருக்குமிடமே அதற்குப் புலப்படாமல் போகிறது. போர்டிகோவில் கூரை விசிறி ஒன்று, அல்லது நாற்காலிகளின் கால்மட்டத்தில் காற்று வீசுமாறு சாய்த்து வைத்த ஸ்டாண்டு விசிறி ஒன்று இருந்தால் மாலைப்பொழுது மீண்டுவிடும். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் கொசு கணுக்காலைக் குறிவைப்பது. ஆகையால் கால்மட்டக் காற்றுக்குத் தனிப் பயனுண்டு. குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறியாயின் மூன்று மணி நேரத்துக்கு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் செலவு. விசிறி இல்லாதவிடத்து டீட் அல்லது பிகாரிடின் கலந்த களிம்பைக் கைகால்களில் பூசிக்கொள்ளலாம். இரண்டு மாதம் நிறையாத சிசுக்களுக்கு அது ஆகாது, கொசுவலையே காப்பு.

கதவுக்கும் சன்னல்களுக்கும் வலையடிப்போர் கண்ணியின் அளவைக் கேட்டு வாங்க வேண்டும். 1.2 மில்லிமீட்டர்க்கு மேற்பட்ட துளையில் கொசு நுழையும். வலைக்கதவு உட்புறமாகத் திறப்பதைவிட வெளிப்புறமாகத் திறப்பது நல்லது. வலைமேல் அமர்ந்திருக்கும் கொசுவும் பூச்சியும் கதவோடு வெளியே தள்ளப்படும், உள்ளே வாரா.

இத்தனையும் செய்தபின் வாசலைச் சுற்றி ஒருமுறை பகலில் நடந்து பார்க்க வேண்டும். நம்மைக் கடிக்கின்ற ஈடிஸ் கொசு பெரும்பாலும் தொலைவிலிருந்து வருவதில்லை. நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பிறந்ததாகவே இருக்கும். பூந்தொட்டியின் அடித்தட்டு, ஏர்கூலரின் நீர்த்தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, மாடியில் போட்டுவைத்த டயர், மூடி விலகிய மேல்நிலைத் தொட்டி ஆகியவற்றில் தேங்கிய நல்ல நீரே அதற்குப் போதும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். எனவே வாரத்துக்கு ஒருநாளை இதற்கென ஒதுக்கினால் அதன் கணக்கு முடிந்துவிடும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஈடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் பக்கங்களில் ஒட்டிவைக்கும். அவை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். தட்டையும் தொட்டியையும் நாரினால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். பூந்தொட்டித் தட்டுகளில் மணலை நிரப்பிவிட்டால் செடிக்கு ஈரம் நிற்கும், கொசுவுக்கு நீர் நிற்காது.